இறந்த யட்சியை எழுப்பலாமா?

வணக்கம். நண்பர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். உலகம் நாங்களே உருவாக்கியது, கல்லணையிலிருந்து பூம்புகார் வரை. மனிதர், யட்சர், ஐயனாரின் மண்குதிரை என்று மூன்று இனம். போன ஆட்டத்தில் யட்சி இறந்துவிட்டாள். யட்சருக்கு ‘வேறு வகை ஆன்மா’ என்று எழுதியிருப்பதால், இறந்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரம் பலிக்காது என்கிறார் ஆட்டத்தை நடத்துபவர். சரியா?
வாசகர், கும்பகோணம்

அன்புள்ள வாசகருக்கு,

இந்த ஒருமுறை எழுப்பிவிடுங்கள். செத்த பிறகு தெரியவரும் விதி, ஆடுகிறவருக்குச் செய்யும் அநியாயம். இந்த ஆட்டத்தின் 1978 விதிப்புத்தகத்தில் ரெய்ஸ் டெட் எல்ஃப் என்ற இனத்துக்குப் பலிக்காது. ஐந்தாம் பதிப்பில் அந்த இனத்தடை கிடையாது. இறந்து பத்து நாளுக்குள் இருக்க வேண்டும், 500 பொன் மதிப்புள்ள வைரம் செலவாகும், ஆன்மா சிறைப்படாமலும் திரும்பச் சம்மதித்தும் இருக்க வேண்டும். எழுந்தவருக்குப் பகடையில் நான்கு குறையும், நீண்ட ஓய்வு ஒவ்வொன்றுக்கும் ஒன்று மீளும்.

இனி வேறுபாடு வேண்டுமென்றால் ‘வகை’யை விட்டுவிடுங்கள், அதிலிருந்து எந்த விதியும் பிறக்காது. உங்களுக்குப் பக்கத்துத் திருவாவடுதுறை ஆதீனத்தில் காலங்காலமாகப் பாடம் சொல்லும் சைவ சித்தாந்தத்தைப் பாருங்கள். உயிரைப் பற்றியிருக்கும் மலத்தை, அதாவது கட்டை, வைத்தே அது உயிர்களைப் பிரிக்கிறது: ஆணவம் (அறிவை மறைப்பது), கன்மம் (வினை), மாயை (உடலுக்கு மூலம்) மூன்றும் உள்ளவர் சகலர், மாயை நீங்கியவர் பிரளயாகலர், ஆணவம் மட்டும் உள்ளவர் விஞ்ஞானகலர். எத்தனை கச்சிதமான அமைப்பு! எந்தக் கட்டு இல்லையோ, அந்தக் கட்டைப் பிடித்திழுக்கும் மந்திரம் பலிக்காது என்று உடனே சொல்லிவிடலாம்.

சித்தாந்தத்தில் தேவர்களும் சகலர்தான். யட்சரைப் பிரளயாகலராக வைப்பது உங்கள் உலகத்துக்கான கற்பனை, அதில் தவறில்லை. அப்படி வைத்தால், யட்சி இறந்ததும் உடல் மிஞ்சாது, வைரத்தால் பயனில்லை. ஆணவமும் கன்மமும்தான் நிற்கின்றன. அந்தக் கன்மத்தைப் பிடித்திழுக்கலாம்: அவள் முடிக்காமல் விட்ட ஒரு காரியத்தைக் கூட்டாளிகள் பத்து நாளுக்குள் முடித்தால், அவளுக்குரிய கொள்ளிடக்கரையில் மீண்டும் தோன்றுவாள். அந்தக் காரியம் என்ன என்பதைக் கேரக்டர் தாளில் (பாத்திரத்தின் விவரத் தாள்) முதல் நாளே எழுதுங்கள். இல்லாவிட்டால் செத்த பிறகு எளிதான ஒன்றை யாராவது சொல்வார்கள், மறுபடி சண்டைதான்.

மண்குதிரையை மனிதரோடு சகலரில் சேர்த்துவிடலாம். தலை இல்லாத உடலுக்கு ரெய்ஸ் டெட் பலிக்காது, அதனால் உடைந்த தலையை முதலில் ஒட்ட வேண்டும்.

யட்சி இல்லாத நாட்களில் அவளை ஆடுபவர் சும்மா உட்காரக் கூடாது. ஓடக்காரரோ பூசாரியோ, அவருக்கென்று இன்னொரு தாளை இப்போதே எழுதி வையுங்கள்.