நெட்வொர்க் டிரைவில் எடிட்டர் திணறினால் என்ன செய்வது?

கேள்வி: அலுவலக சர்வரில் உள்ள கோப்புகளை வீட்டிலிருந்து விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் வெளியிலிருந்து நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக இசட் டிரைவில் திறந்து வேலை செய்கிறேன். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் எடிட்டர் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. இன்னொரு எடிட்டரான விஎஸ் கோடில் சேவ் கொடுத்தால் அப்படியே நின்றுவிடுகிறது. இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ். ரேம் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ரேமுக்குச் செலவு செய்ய வேண்டாம். அதே கோப்பை சி டிரைவுக்கு நகலெடுத்துத் திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் கணினி நன்றாகத்தான் இருக்கிறது; தாமதம் வழியில்.

எம்பிபிஎஸ் கணக்கு பெரிய கோப்பை இறக்கும்போதுதான் உதவும். இங்கே பார்க்க வேண்டியது, சர்வருக்குப் போன ஒரு கேள்விக்குப் பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை. கமாண்ட் பிராம்ப்டில் பிங் என்று அடித்து சர்வர் பெயரைக் கொடுத்தால் தெரிந்துவிடும். அலுவலகத்துக்குள் 1 மில்லிசெகண்டில் முடிவது விபிஎன்னில் 40 ஆகலாம். கோப்பு இருக்கிறதா, மாறியதா, அனுமதி உண்டா என்று எடிட்டர் கேட்டுக்கொண்டே இருக்கும். 5000 கோப்புகளைத் தலைக்கு ஒரு முறை வரிசையாக விசாரித்தாலே 200 விநாடி போய்விடும். ஆக, இந்த விசாரணைகளைக் குறைப்பதுதான் வைத்தியம்.

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் திறக்கும்போது போன முறை திறந்திருந்த டேப்களை எல்லாம் தேடும். விபிஎன் இணையும் முன்பே அதைத் திறந்தால், பதில் சொல்லாத சர்வருக்காக விண்டோஸ் காத்துக் கிடக்கும். ப்ரிஃபரன்ஸஸில் பேக்கப் பகுதிக்குப் போய், 'ரிமெம்பர் கரன்ட் செஷன்' என்று தொடங்கும் வரியில் டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கு முன், 'நியூ 1', 'நியூ 2' என்று சேமிக்காமல் விட்டுவைத்த குறிப்புகள் இருந்தால் கட்டாயம் சேமித்துவிடுங்கள். அந்த டேப்களைக் காப்பாற்றி வைத்திருப்பதே இந்த வசதிதான். 'ரீசன்ட் ஃபைல்ஸ் ஹிஸ்டரி'யில் 'டோன்ட் செக் அட் லாஞ்ச் டைம்' என்பதற்கும் டிக் போடுங்கள்.

'ஃபைல் ஸ்டேட்டஸ் ஆட்டோ-டிடெக்ஷ'னையும் நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. வேகம் கூடலாம். ஆனால் அதே கோப்பைச் சக ஊழியர் மாற்றியிருந்தால் உங்களுக்குத் தெரியாமலே போய், அவர் வேலையின் மேல் நீங்கள் சேவ் செய்துவிடுவீர்கள். பலர் கைவைக்கும் ஃபோல்டரில் நான் அதை நிறுத்தவே மாட்டேன்.

விஎஸ் கோடில் பெரும்பாலும் முழு ஃபோல்டரைத் திறப்பதால் வரும் வினை. ஒற்றைக் கோப்பை மட்டும் திறந்து பாருங்கள். வேகமாக இருந்தால், செட்டிங்ஸில் வொர்க்ஸ்பேஸ் டேபுக்குப் போய் 'கிட்: எனேபிள்டு' என்பதை நிறுத்துங்கள் (கிட் என்பது கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிவு வைக்கும் மென்பொருள்), மற்ற புராஜெக்ட்டுகள் பாதிக்காது. மாற்றம் வந்ததா என்று கண்காணிக்க வேண்டாதவற்றைக் குறிக்கும் 'ஃபைல்ஸ்: வாட்ச்சர் எக்ஸ்க்ளூட்' பட்டியலில் லாக், பில்ட் ஃபோல்டர்களைச் சேர்த்துவிடுங்கள். அப்புறமும் சேவ் நின்றால் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் கூடுதலாகச் சேர்த்த வசதி) மேல் சந்தேகப்படலாம். ஹெல்ப் கட்டளைகளில் உள்ள 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' எது என்று பிடித்துக் கொடுக்கும்.

இதெல்லாம் முதலுதவி. கோப்புகள் கிட்டில் இருந்தால் சி டிரைவில் குளோன் செய்து (முழு நகல் எடுத்து) வேலை பார்த்து, முடிந்ததும் புஷ் செய்யுங்கள் (மாற்றங்களைத் திருப்பி அனுப்புங்கள்). சர்வர் லினக்ஸ் என்றால் ஐடி பிரிவில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) அனுமதி கேளுங்கள். விஎஸ் கோடின் 'ரிமோட் எஸ்எஸ்எச்' போட்டால் தேடலும் கிட் வேலைகளும் சர்வரிலேயே ஓடும், இசட் டிரைவே தேவைப்படாது.