அந்தமான் கடலும் காத்தும்: பழைய சுக்கானியிடம் கேளுங்க

போர்ட் பிளேர்ல இருந்து கிளம்புற தீவுக் கப்பல்கள்ல 27 வருஷம் சுக்கான் பிடிச்சவன் நான். வானிலை, அலை, ஓதம் (கடல் ஏறி வத்துறது), காத்து, இதெல்லாம் கேளுங்க. ஹோட்டல், பேக்கேஜ் எனக்குத் தெரியாது. ஊர் பேர் 2024ல ஸ்ரீ விஜயபுரம்னு மாறிடுச்சு; என் வாய்ல இன்னும் பிளேர்தான் வருது, பொறுத்துக்குங்க.

சேலத்துலேர்ந்து: டிசம்பர் ரெண்டாவது வாரம் கல்யாணம் முடிஞ்சு ஹேவ்லாக் போறோம். கடல் அமைதியா இருக்குமா?

வாழ்த்துகள். டிசம்பர்னா நல்ல சீசன்னு எல்லாரும் சொல்லியிருப்பாங்க. பாதி உண்மை. வடகிழக்குப் பருவம் அப்போ முடிஞ்சிருக்காது. தெற்கு அந்தமான் கடல்ல ஒரு காத்தழுத்தத் தாழ்வு உருவானா முதல் அடி எங்களுக்குத்தான்.

2016 டிசம்பர் முதல் வாரம் அப்படித்தான் ஆச்சு. மூணு நாள் விடாத மழை, சுழிக்காத்து. ஹேவ்லாக், நீல் தீவுப் படகு எல்லாம் நின்னு போச்சு. ஆயிரத்துக்கும் மேல சுற்றுலாப் பயணிங்க தீவுலயே மாட்டிக்கிட்டாங்க. கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டிட்டு வந்தது. நாங்க ஜெட்டியில ஒண்ணுக்கு ரெண்டா கயிறு போட்டுக் கட்டிட்டு, கயிறு தேயாம இருக்கப் பழைய சாக்கைச் சுத்திட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தோம். அந்தப் புயல் சின்னம்தான் வர்தா புயலா வளர்ந்து டிசம்பர் 12ஆம் தேதி சென்னையில மரத்தையெல்லாம் சாய்ச்சது.

அதனால ஒரே ஒரு விஷயம் கேளுங்க: ஊர் திரும்புற விமானத்துக்கு முந்தின ராத்திரி, முடிஞ்சா ரெண்டு ராத்திரி, போர்ட் பிளேர்ல இருங்க. தீவுகளை முதல்ல முடிச்சிட்டு, செல்லுலார் ஜெயிலைக் கடைசியில வைங்க. ஜெயில் எங்கயும் போகாது, படகு போகாம நிக்கும். இன்னொண்ணு, டிசம்பர்ல சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிடும். நம்ம கடிகாரம் ஒண்ணுதான், ஆனா நீங்க ரொம்பக் கிழக்கே இருக்கீங்க.

மதுரைக்காரர்: ஜூலையில டிக்கெட் மலிவா இருக்கு. போகலாமா?

போகலாம், ஆனா எந்தப் பக்கம் இறங்கணும்னு தெரிஞ்சு போங்க. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை பெய்யுற இடம் இது, சென்னைக்கு ரெண்டு மடங்கு. அதுல பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரைக்கும் விழும். அப்போ காத்து தென்மேற்கு. ஹேவ்லாக்ல ராதாநகர் கடற்கரை மேற்குப் பக்கம், அலை நேரா வந்து மோதும். போட்டோவுல பாத்த கண்ணாடித் தண்ணிய அங்க எதிர்பாக்காதீங்க. சிவப்புக் கொடி பறந்தா முழங்கால் வரைக்கும்கூட இறங்க வேண்டாம். கிழக்குப் பக்கம் விஜயநகர் கரை அதே நாள்ல குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்குக் காத்து வந்ததும் கதை தலைகீழ். தண்ணி தெளிவா வேணும்னா பிப்ரவரி, மார்ச்.

திரும்புற விமானத்துக்கு முந்தின ராத்திரி போர்ட் பிளேர்ல. மறந்துடாதீங்க.

ஒரு அம்மா: எனக்குக் கப்பல்ல வாந்தி வரும். என்ன மாத்திரை?

டாக்டரைக் கேளுங்கம்மா. நான் சொல்லத் தெரிஞ்சது: கப்பல் நடுவுல, கீழ்த்தட்டுல உக்காருங்க, கண்ணை அடிவானத்துல வைங்க, வெறும் வயித்தோட ஏறாதீங்க. கார் நிகோபார் போற வழியில பத்து டிகிரி கால்வாய்னு ஒண்ணு இருக்கு, 150 கிலோமீட்டர் அகலம். ஜூன்ல அதைத் தாண்டும்போது எங்க சமையல்காரர் சாம்பார்ச் சட்டியக் கயித்தால கட்டிட்டுத்தான் கரண்டிய எடுப்பார். அவருக்கே ரெண்டு தடவை வாந்தி வந்திருக்கு. வெக்கப்பட ஒண்ணுமில்ல.

நாகர்கோவில் அண்ணாச்சி: அந்தமான்ல பருவமழை தொடங்கின பத்தாம் நாள் எங்க ஊர்ல சாரல். எங்க அப்பா காலத்துக் கணக்கு இது. சரிதானே?

இல்ல அண்ணாச்சி. டிவியில வருஷா வருஷம் இதையே சொல்லிச் சொல்லி நம்ப வச்சிட்டாங்க. 2023லயும் 2024லயும் நிகோபார் பக்கம் பருவமழை வந்தது ஒரே தேதி, மே 19. கேரளாவுக்கு 2024ல மே 30ல வந்துடுச்சு. 2023ல ஜூன் 8 ஆச்சு. ஒரு வருஷம் 11 நாள், ஒரு வருஷம் 20 நாள். எங்க பக்கம் வர்றது வங்கக்கடல் கிளை, உங்க பக்கம் வர்றது அரபிக்கடல் கிளை.

அதே அண்ணாச்சி: 2025ல மே 13 அந்தமான், மே 24 கேரளா. அதுவும் 11 நாள். அப்ப ரெண்டு வருஷம் சரியா வந்திருக்கே! 2023தான் விதிவிலக்கு.

மூணுல ஒண்ணு தப்பினா அதைக் கணக்குன்னு சொல்ல மாட்டாங்க அண்ணாச்சி. 2023ல பிபர்ஜாய் புயல் அரபிக்கடல்ல சுத்திக்கிட்டிருந்தப்பதான் கேரளாவுல தொடக்கம்னு அறிவிச்சாங்க. அதுக்கும் எங்க தீவுக்கும் என்ன சம்பந்தம்? இன்னொண்ணு பாருங்க. கேரளாவுல தொடங்கிடுச்சுன்னு சொல்ல வானிலைத் துறை 14 நிலையம் வச்சிருக்கு. லட்சத்தீவுல மினிக்காய், அமினியில ஆரம்பிச்சு திருவனந்தபுரம், கோழிக்கோடுன்னு மங்களூர் வரைக்கும். மே 10க்கு அப்புறம் அதுல 60 சதவீதத்துல ரெண்டு நாள் தொடர்ந்து 2.5 மில்லிமீட்டராவது பெய்யணும், மேலைக்காத்தும் மேகமும் ஒத்து வரணும். அந்தப் பட்டியல்ல போர்ட் பிளேர் இல்லவே இல்ல.

கடலூர்லேர்ந்து ஒரு மீனவர்: அண்ணாச்சி சொல்றதுல ஒண்ணு இருக்கு. ஐப்பசி கார்த்திகையில அந்தமான் பக்கம் கறுத்தா நாங்க வலையை மேல ஏத்திடுவோம்.

இது சரி. இதை நான் மறுக்கவே இல்ல. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் எங்க தெற்கே உருவாகுற தாழ்வு மேற்கே உங்களைப் பாத்துத்தான் நகரும். வர்தா அப்படி. 2013 நவம்பர்ல லெஹர் புயல் எங்க மேலயே ஏறிப் போச்சு, ஆனா ஆந்திரா கரை தொடுறதுக்குள்ள நீர்த்துப் போச்சு. அதனால கறுத்ததெல்லாம் உங்க வீட்டு வாசலுக்கு வரும்னும் இல்ல. பாபுக்னு ஒரு புயல், 2019 ஜனவரி, தாய்லாந்தைத் தாண்டி எங்க முதுகுப் பக்கமா வந்துது!

நாகர்கோவில் அண்ணாச்சி: அப்ப அந்தமானைப் பாத்து மழை சொல்லலாம்னு ஒத்துக்கிட்டீங்க.

கார்த்திகைக்கு ஒத்துக்கிட்டேன். வைகாசிக்கு இல்ல. அப்பா மேல மரியாதை வேற, தேதி வேற.

திருச்சியிலிருந்து: ஜூலை கடைசியில போகலாமா?

மதுரைக்காரருக்குச் சொன்னது.

கடல்சார் படிப்பு மாணவி: அந்தமான் கடலுக்கு அடியில அலை ஓடும்னு படிச்சேன். நீங்க பாத்திருக்கீங்களா?

இதுக்காகத்தான் உக்காந்திருந்தேன் தங்கச்சி. பாத்திருக்கேன், ஆனா ரொம்ப நாள் அது என்னன்னு தெரியாம. மார்ச் மாசம், காத்தே இல்ல, தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி. திடீர்னு தூரத்துல ஒரு வெள்ளைக் கோடு, தொடுவானத்தோட இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும். பக்கத்துல வர வர அரிசி களையுற சத்தம். சின்னச் சின்ன அலை கொதிக்குது, சுக்கான் கையில லேசா இழுக்குது. அப்புறம் மறுபடி எண்ணெய். கொஞ்ச நேரத்துல அடுத்த கோடு. ராத்திரின்னா கண்ணுக்கு முன்னாடி காதுக்கு வந்துடும், புதுசா வந்த பசங்க பாறைன்னு பயந்து கத்துவாங்க.

மேல சூடான இலேசான தண்ணி, கீழ குளிர்ந்த கனமான தண்ணி. ஓதம் ஏறி இறங்கும்போது தீவுகளுக்கு நடுவுல இருக்குற மேட்டு மேல அந்த ரெண்டும் உரசுது. நடு எல்லையில அலை கிளம்புது. உள்ளே 60 மீட்டருக்கு மேலகூட எழும்பும். மேல நமக்குத் தெரியறது அந்த நுரைக் கோடு மட்டும்தான். 1970கள்ல இந்தக் கடல்ல எண்ணெய்க்குத் துளை போட வந்தவங்க இதை அளந்து பாத்தாங்க. இப்போ செயற்கைக்கோள் படத்துல கிழக்கே வில்லு வில்லா போறது தெரியும். படிப்பு முடிஞ்சதும் இங்க வாங்க.

வேலூர்லேர்ந்து: நீல் தீவுல இயற்கைப் பாலம் பாக்க எத்தனை மணிக்குப் போகணும்?

மணி கிடையாது, லோ டைடுதான். நாளுக்கு 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஒட்டிப் போனா தண்ணி நல்லா வத்தும். இங்க ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ரெண்டு மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும். பவளப்பாறை மேல கால் வைக்காதீங்க.

சுனாமிக்கு அப்புறம் கடல் மாறிடுச்சா?

கடல் மாறல, தரை மாறிச்சு. 2004க்கு அப்புறம் கிரேட் நிகோபாரோட தெற்கு நுனியில இருக்குற இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல கீழ போயிடுச்சு, கலங்கரை விளக்கோட காலடியில தண்ணி நிக்குது. பிளேர் பக்கம் சிப்பிகாட்ல வயலா இருந்த இடம் உப்புத்தண்ணி. வடக்கே தரை மேல வந்து பவளமெல்லாம் வெயில்ல வெளுத்துச் செத்துது. நெஞ்சுல இருந்த பழைய ஆழக் கணக்கையெல்லாம் நாங்க புதுசா எழுதிக்கிட்டோம்.

ஆகஸ்ட்ல எப்படி இருக்கும்?

ஜூலை மாதிரி.

முதலை இருக்கா?

இருக்கு. அலையாத்திக் காட்டு ஓடைப் பக்கமும், பலகை வச்ச இடத்துலயும் இறங்காதீங்க. நிகோபாருக்கு அனுமதி பத்திக் கேட்ட மூணு பேரும் ஆட்சியர் அலுவலகத்துல கேளுங்க, சுக்கானி கையில பாஸ் இல்ல.

ஈரோட்டிலிருந்து: 28ஆம் தேதி காலையில சென்னை ஃபிளைட். 27 மதியம் ஹேவ்லாக்லேர்ந்து கடைசிப் படகுல வந்தா போதுமில்ல?

சேலத்துக்காரருக்குச் சொன்னதை ஒரு தடவை படிங்க. படிச்சிட்டு 26க்கு மாத்துங்க.