மூச்சை இழுத்துவிடச் சொன்னால் பயம் ஏன் கூடுகிறது?

வணக்கம் மேடம்,

திருநெல்வேலிப் பக்கம் பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் கவுன்சிலராக இருக்கிறேன். உடல்வழி சிகிச்சை முறைகள் பற்றி இரண்டு நாள் பயிலரங்குக்கு எங்களை அனுப்பினார்கள். ட்ராமா, அதாவது பெரிய அதிர்ச்சி விட்டுப்போன பாதிப்பு, உடம்பில்தான் தங்குகிறது, பேச்சால் அதைத் தொடவே முடியாது என்றார்கள். மூளையிலிருந்து இதயம், வயிறுவரை போகிற வேகஸ் நரம்பு, மூளைப் படங்கள் என்று நிறையக் காட்டினார்கள். வந்த உற்சாகத்தில் மறுவாரமே ஓர் அம்மாவிடம் முயன்று பார்த்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர், கணவரின் அடி தாங்காமல் வெளியே வந்தவர். நெஞ்சு அடைக்கிறது என்று ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. ‘ஒண்ணுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, நெஞ்சைக் கவனிக்கச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, கை நடுங்க எழுந்துவிட்டார். ‘போதும்மா, எனக்கு இது வேணாம்’ என்று அழுதார். அடுத்த வாரம் வரவில்லை.

இதெல்லாம் அறிவியல்தானா, இல்லை இந்தக் காலத்து ஃபேஷனா? மனவலிமையை வளர்க்க இது உதவுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது என் தோளும் கழுத்தும் இறுகிப்போய்விடுகின்றன. அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

அந்த அம்மாவுக்கு நடந்தது அபூர்வமான விஷயம் இல்லை. பதற்றக்காரர்களில் சிலருக்குத் தளர்வுப் பயிற்சியே பதற்றத்தைக் கூட்டிவிடுகிறது என்பதை 1983லேயே அமெரிக்க உளவியலாளர் போர்கோவெக்கும் அவருடைய சகாவும் எழுதிவிட்டார்கள். பயிலரங்குகளில் இதை ஏனோ சொல்வதில்லை. இரண்டு நாளில் சான்றிதழும் மதியச் சாப்பாடும் கொடுத்து அனுப்பும் அவசரத்தில் விட்டுப்போகிறது போலும்.

‘ஆழமாக’ என்று நாம் சொன்னதும் எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தோளைத் தூக்குவார், வாயைத் திறந்து நெஞ்சு நிறைய இழுப்பார், அதையும் வேக வேகமாகச் செய்வார். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை லேசாகச் சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், நெஞ்சு இன்னும் இறுகினாற்போல் இருக்கும். நெஞ்சடைப்புக்குப் பயந்து வந்தவருக்கு அதையே நாம் செய்து கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. அப்புறம், கண். அடிக்கிற கை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துப் பார்த்தே இத்தனை வருஷம் பிழைத்தவர் அவர். அவரைக் கண்ணை மூடச் சொல்வது, காவலை விட்டுவிடச் சொல்வதுதான். போதாததற்கு, எந்த இடத்தை நினைத்தால் அவருக்குக் குலை நடுங்குமோ அந்த நெஞ்சையே கவனிக்கவும் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அவர் எழுந்தார், வேண்டாம் என்றார். பல வருஷம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாமல் இருந்தவர், உங்களிடம் சொல்லியிருக்கிறார். என் கணக்கில் அந்த அமர்வில் நடந்த மிக நல்ல காரியம் அதுதான். தொலைபேசியில் கூப்பிட்டு, ‘நீங்க நிறுத்தினது சரி’ என்று சொல்லுங்கள். திரும்ப வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

உடல்வழி முறை என்றாலே ஆளை அமைதிப்படுத்துவது என்று எப்படியோ நம் மனதில் பதிந்துவிட்டது. சிக்கல் அங்கேதான். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பயங்களில் நாடித்துடிப்பும் பிபியும் ஏறும். இவர்களுக்கு முதலில் ஏறி, பிறகு சட்டென்று இரண்டும் விழுந்துவிடும், அதனால்தான் மயக்கம். இவர்களிடம் போய் ‘தளர்வா இருங்க’ என்றால் இன்னும் சீக்கிரம் விழுவார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1980களில் இதற்கு நேர் எதிரான வழியைச் சொல்லிக்கொடுத்தார். கை, மார்பு, கால் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை. பிறகு விட்டுவிட வேண்டும். அதுவும் ஒரேயடியாகத் தளர்ந்துவிடாமல், சாதாரண நிலைக்கு வந்தால் போதும். சற்று இடைவெளி விட்டு மறுபடியும் இறுக்கம். இதைப் பழகிய பிறகு காயங்களின் படங்களைப் பார்க்க வைத்தார்கள், ரத்ததான மையத்துக்கே கூட்டிப்போனார்கள். ஊசி போடும்போது மயங்குகிற கல்லூரிப் பையன்கள் உங்களிடம் வந்தால் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

பேனிக் அட்டாக் எனப்படும் திடீர்ப் பீதிக்கான சிகிச்சையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பயப்படுகிற உணர்வையே அறைக்குள் வரவழைக்கிறார்கள். ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்குவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, குளிர்பான ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்த பிறகுதான் செய்ய வேண்டும். பயிற்சி பெற்றவர்தான் செய்யவும் வேண்டும். தலை சுற்றுகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்குகிறது. செத்துப்போகவில்லை. பத்து முறை ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வதைவிட ஒருமுறை உடம்பு இதைக் கண்டுகொள்வது மேல்.

மனவலிமை பற்றிக் கேட்டீர்கள். பதறவே பதறாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தவர்களில் தேறியவர்கள் எல்லாருக்கும் பதற்றம் வந்தது. வந்தால் என்ன செய்வது, எப்போது நிறுத்துவது என்பது தங்கள் கையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அறிவியலா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பேச்சால் தொட முடியாது என்பது தப்பு. ட்ராமாவுக்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சைகளுக்குத்தான் இன்றுவரை ஆதாரம் அதிகம். முக்கியமான சிகிச்சை வழிகாட்டுதல்கள் முன்னால் வைப்பதும் அவற்றைத்தான். பயிலரங்கில் காட்டிய வேகஸ் நரம்புப் படம் ஸ்டீபன் போர்ஜஸ் 1990களில் முன்வைத்த பாலிவேகல் கோட்பாடாக இருக்கும்; பயமும் பாதுகாப்புணர்வும் அந்த நரம்பின் வெவ்வேறு கிளைகளோடு தொடர்புடையவை என்பது அது. அதன் உடலியல் அடிப்படைகளைப் பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. உடம்பின் உணர்வுகளைக் கவனிக்க வைக்கும் பீட்டர் லெவினின் சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் முறைக்கு 2017இல் இஸ்ரேலில் 63 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, பலனும் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டது காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு. எதுவுமே கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் எந்த அக்கறையும் கொஞ்சம் ஜெயிக்கத்தான் செய்யும்.

எனக்குப் பிடித்த ஆய்வு 2014இல் மனநல மருத்துவர் வான் டெர் கோல்க்கின் குழு வெளியிட்டது. வேறு சிகிச்சைகளில் தேறாத 64 பெண்கள். ஒரு பாதிக்கு வாரம் ஒரு யோகா வகுப்பு, பத்து வாரம். மறு பாதிக்கு அதே கால அளவில் பெண்கள் நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா குழுவில் 52 சதவீதத்தினருக்கும் மற்றதில் 21 சதவீதத்தினருக்கும் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு) என்று சொல்லும்படியான நிலை இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த யோகாவை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்தமாட்டார். ‘கையைத் தூக்கு’ என்று சொல்லமாட்டார். ‘விருப்பமிருந்தால் தூக்கிப் பாருங்கள், வேண்டாமென்றால் இப்படியே இருக்கலாம்’ என்பார். நம்மூரில் முதுகைப் பிடித்து அழுத்தி ஆசனத்தைச் சரிசெய்யும் மாஸ்டரிடம் இதே பெண்களை அனுப்பியிருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்.

இந்த விஷயத்தில் நமக்கு மிக அருகில் யாழ்ப்பாணத்தின் அனுபவம் இருக்கிறது. போர்க்காலத்தில் அங்கே மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரத்திடம் வந்தவர்கள் பெரும்பாலும் மனசைப் பற்றிப் பேசவில்லை. தலையிடி, நெஞ்சுநோ, உடம்பு உளைவு என்றுதான் வந்தார்கள். அவர் அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததையே எடுத்துக்கொண்டார். சைவர்களுக்கு ஜபம், கத்தோலிக்கர்களுக்குச் செபம், முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ர், கூடவே மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம். இதில் உடலியலும் இருக்கிறது. 2001இல் பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு, ஜெபமாலை சொல்பவர்களையும் மந்திரம் சொல்பவர்களையும் அளந்து பார்த்தது. இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. யாரும் ‘மெதுவாக மூச்சு விடு’ என்று சொல்லவில்லை. வாய் முணுமுணுக்கிற நேரமெல்லாம் வெளிமூச்சு நீள்கிறது, வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு தணிகிறது. கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்தபடியே பஸ்ஸில் வரும் அம்மாக்களிடம் நாம் புதிதாக மூச்சுப் பயிற்சி நடத்த வேண்டுமா என்று யோசிக்கிறேன். அவர்களாகச் சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாமி பெயரை நாம் நுழைக்க வேண்டாம்.

அந்த அம்மா வந்தால், அல்லது அவரைப்போல் இன்னொருவர் வந்தால், கண் திறந்தே இருக்கட்டும். எந்த நாற்காலி என்று அவரே முடிவு செய்யட்டும். கதவு தெரிகிற மாதிரிதான் பலரும் உட்காருவார்கள். மூச்சுப் பக்கமே போகாமல் பாதத்திலிருந்து தொடங்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையை அழுத்தச் சொல்லுங்கள், சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் நிறுத்துவதைப் பழகுங்கள்: அவர் கையைத் தூக்கினால் நீங்கள் பேச்சை நிறுத்திவிட வேண்டும். இதை இரண்டு மூன்று முறை விளையாட்டுபோல் செய்து பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். மூச்சுக்கு வந்தால் ‘ஆழமாக’ என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். மூக்கால் சாதாரணமாக இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல் மெல்ல விட்டால் போதும். தொடுவது வேண்டவே வேண்டாம், ஆறுதலுக்காகத் தோளில் கை வைப்பதுகூட.

அமைதியாகிவிட்டார் என்று நாம் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பார்வை எங்கோ நிலைகுத்தி, குரல் தேய்ந்து, கேட்டதற்கெல்லாம் ‘ம்’ என்று மட்டும் பதில் வந்தால், அவர் தளரவில்லை, மனதளவில் அங்கிருந்து போய்விட்டார் என்று அர்த்தம். உடனே பயிற்சியை நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், எழுந்து நிற்கச் சொல்லுங்கள், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

கேட்க மறந்துவிட்டேன்: அந்த அம்மாவின் கணவர் இன்னும் வாசலில் வந்து நிற்கிறாரா? நிற்கிறார் என்றால் படபடப்பை நோயாகப் பார்க்கக் கூடாது, அது சரியான தகவல். அப்போது மூச்சுப் பயிற்சி இரண்டாம் பட்சம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்பதும், பெண்கள் உதவி எண்ணான 181ஐ அந்த அம்மாவின் போனில் பதிந்துகொடுப்பதும்தான் முதல் சிகிச்சை.

இனி உங்கள் தோளும் கழுத்தும். எதிரில் இருப்பவர் குனிந்தால் நாமும் குனிகிறோம், அவர் மூச்சைப் பிடித்தால் நாமும் பிடிக்கிறோம், நமக்கே தெரியாமல். பாபெட் ராத்ஸ்சைல்ட் என்ற சிகிச்சையாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சுலபம்: வேண்டுமென்றே அந்த நிலையை உடைக்க வேண்டும். சாய்ந்து உட்காருங்கள், காலை மாற்றிப் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள். இரக்கம் குறைந்துவிடாது. நானும் அமர்வுக்கு நடுவே பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நெட்டி முறித்துக்கொள்வேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொலம்பியாவின் பொகோட்டாவில் அரசியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்த சிகிச்சையாளர்களைப் பேட்டி கண்டு 2007இல் ஓர் ஆய்வு வந்தது. அத்தனை கொடுமைகளைக் கேட்டவர்கள், தங்களிடம் வந்தவர்கள் மீண்டெழுவதைப் பார்த்துத் தாங்களும் பலம் பெற்றதாகச் சொன்னார்கள். இதைச் சொல்வது உங்களை உற்சாகப்படுத்தத்தான். ஆனால் உங்கள் மையம் இதைப் படித்துவிட்டு ‘பாருங்க, கேட்கக் கேட்கப் பலம் வருமாம்’ என்று இன்னும் நாலு கேஸைத் தலையில் கட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், அவர்களில் அடி உதைக் கதை எத்தனை, நடுவில் பத்து நிமிடமாவது இடைவெளி உண்டா, கேஸைப் பற்றிப் பேச மூத்தவர் யாராவது இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சம்பளம் குறைவான, ஆள் பற்றாக்குறையான இடத்தில் ஊழியர்களுக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு வைப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். மேற்பார்வைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் இதே வேலையில் இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை உட்காருங்கள், பெயர் அடையாளம் எதுவும் சொல்லாமல் கேஸ்களைப் பேசுங்கள். பயணச் செலவையும் அந்த அரைநாள் சம்பளத்தையும் மையத்திடமே கேளுங்கள். பயிலரங்குக்கு அனுப்பப் பணம் இருந்திருக்கிறதே.