வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

கேள்வி: மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். என் வேலையில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால், கூட்டங்களில் வாய் திறக்க மாட்டேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர் குழுத் தலைவராகிவிட்டார். என்ன செய்வது?
- வாசகி, வைட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, சகோதரி. பதவி உயர்வைத் தீர்மானிக்கும் அறையில் நீங்கள் இருப்பதில்லை. அங்கே உங்களுக்காக வாதாடுபவர் கையில் விஷயம் வேண்டும். அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மேலாளருக்கு நாலைந்து வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். 'சோதனை முடிந்தது' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'வாடிக்கையாளர் கணக்கில் ஒரே தொகை இருமுறை கழியும் பிழை, வெளியீட்டுக்கு முன்பே பிடிபட்டது' என்று எழுதுங்கள். இதைத் தம்பட்டம் என்று நினைத்து நம் பெண்கள் கூசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பேசிப் பழக டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்துக்குப் போகலாம். 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இந்த அமைப்புக்குப் பெங்களூரில் ஏராளமான கிளைகள் உண்டு. சில, நிறுவன வளாகங்களிலேயே நடக்கின்றன. திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் சொல்வார்கள். எத்தனை முறை 'ஆ', 'ம்' என்று இழுத்தீர்கள் என எண்ணிச் சொல்வதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார்!

அடுத்த மதிப்பீடு வரை பொறுக்க வேண்டாம். 'குழுத் தலைமைக்கு என்னிடம் என்ன குறைகிறது?' என்று இந்த மாதமே மேலாளரிடம் நேரில் கேளுங்கள்.