மூன்றரை வட்டியும் மெஸ் பில்லும்: மருத்துவ மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இருக்கிறேன். கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி. பல மாதங்களாகக் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டியும் பாக்கி குறையவே இல்லை. வங்கி தவறாகக் கணக்கிடுகிறதா?

பதில்: வங்கியின் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஊரில் யாராவது நூற்றுக்கு மூன்றரை வட்டிக்குக் கடன் வாங்கியதாகச் சொன்னால் வீட்டிலுள்ள பெரியவர்கள் பதறிப்போவார்கள். ஆனால் நம்மிடையே புழங்கும் பெரும்பாலான கார்டுகளின் வட்டி விகிதம் ஏறக்குறைய அதுதான், அதாவது மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம். உங்கள் 60,000 ரூபாய்க்கு மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாத வட்டி 2,100 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 378 ரூபாய். ஆக மொத்தம் 2,478 ரூபாய். குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் பாக்கியில் 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் என்பதால் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 3,000 ரூபாயாக இருக்கும். அதில் அசலில் கழிந்தது 522 ரூபாய் மட்டுமே. அந்த மாதம் கார்டைத் தேய்த்து மருத்துவமனையில் அணியும் ஸ்க்ரப்ஸ் உடை ஒன்று வாங்கியிருந்தால் அந்தக் கழிவும் போய், பாக்கி ஏறியிருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. முழுத் தொகையையும் கட்டாமல் பாக்கி வைத்தவுடன் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை நின்றுவிடுகிறது. அதன்பின் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ரூபே கார்டை யுபிஐயோடு இணைத்து கேண்டீனில் குடிக்கும் தேநீருக்கும் இது பொருந்தும். எனவே முதல் வேலை, பாக்கி தீரும்வரை அந்தக் கார்டில் புதிய செலவு எதுவும் செய்யாதிருப்பது. யுபிஐ செயலியிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள்.

அடுத்து, பாக்கியைத் தவணையாக மாற்ற முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, 16 சதவீத ஆண்டு வட்டியில் 12 தவணையாக மாற்றினால் மாதம் சுமார் 5,450 ரூபாயும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் கட்டவேண்டியிருக்கும். செயல்முறைக் கட்டணத்தைச் சேர்க்காமல் மொத்தம் 66,300 ரூபாயை ஒட்டி முடியும். மாற்றாமல் மாதம் 6,000 ரூபாய் கட்டிவந்தால் பதின்மூன்று மாதங்களுக்கு மேல் இழுத்து, மொத்தம் 79,000 ரூபாயைத் தொடும். வீட்டில் நகை இருந்து, பெற்றோரிடம் மனம்விட்டுச் சொல்லவும் முடிந்தால், பொதுத்துறை வங்கியின் நகைக்கடன் இதைவிடவும் மலிவாக அமையும். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே 42 சதவீத ஆண்டு வட்டியைச் சுமந்து திரியும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தின் விலை மிகவும் அதிகம் என்பதே என் கருத்து.

கேள்வி: பயிற்சிக் கால உதவித்தொகை (ஸ்டைபெண்ட்) எந்தத் தேதியில் வரும் என்றே தெரிவதில்லை. கார்டின் கடைசித் தேதியோ மாதம் 3. ஒவ்வொரு முறையும் தாமதக் கட்டணம் விழுகிறது.

பதில்: பில்லிங் சுழற்சியை, அதாவது மாதாந்திர பில் போடும் தேதியை, மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை, 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கிரெடிட் கார்டு வழிகாட்டுதல்களின்படி உங்களுக்கு உண்டு. கடைசித் தேதியை மாதத்தின் பிற்பகுதிக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். கடைசித் தேதி கடந்து மூன்று நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் விதிக்கவும், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும் வங்கிக்கு இடமுண்டு. இரண்டாம் நாளே கட்டணம் விழுந்திருந்தால் எழுத்துமூலம் கேட்டுத் திரும்பப் பெறலாம். ஆனால் இந்த மூன்று நாள் விலக்கு கட்டணத்துக்கும் தகவல் தெரிவிப்பதற்கும் மட்டுமே, வட்டிக்கு அல்ல.

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரிக் கட்டணத்தைக் கல்விக்கடன் பார்த்துக்கொள்கிறது. அறை வாடகை, மெஸ் பில், புத்தகம் எல்லாவற்றுக்கும் அப்பாவின் கார்டோடு இணைந்த கூடுதல் கார்டைப் பயன்படுத்துகிறேன். இது சரியா?

பதில்: அப்பா மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார் என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாக்கி விழத் தொடங்கியிருந்தால், அந்தக் கடன் சட்டப்படி அவருடையது என்பதையும், அவருடைய சிபில் மதிப்பெண்ணைத்தான் அது பாதிக்கும் என்பதையும் இருவரும் உட்கார்ந்து பேசவேண்டும்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கல்விக்கடன் என்றால் கல்லூரிக் கட்டணம் மட்டுமே என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் விடுதிக் கட்டணம், வெளியே தங்கினால் நியாயமான தங்குமிட, உணவுச் செலவு, தேர்வுக் கட்டணம், புத்தகம், கருவிகள், மடிக்கணினி ஆகியவையும் அடங்கும். முதலாண்டில் விண்ணப்பிக்கும்போது இவற்றைச் செலவுப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதால்தான், பின்னர் ஸ்டெதஸ்கோப்பிலிருந்து மெஸ் பில் வரை எல்லாம் கார்டின் தலையில் விழுகிறது. கல்லூரியிலிருந்து எஞ்சிய ஆண்டுகளுக்கான செலவு மதிப்பீட்டுச் சான்றிதழைப் பெற்று, வாடகை ஒப்பந்த நகலுடன் கிளை மேலாளரைச் சந்தித்துக் கடன் தொகையை உயர்த்தித் தரும்படி விண்ணப்பியுங்கள். கூடுதல் தொகைக்குப் பிணை கேட்கக்கூடும், பொதுவாக 7.5 லட்சம் ரூபாய்வரை பிணை தேவையில்லை. கல்விக்கடனின் வட்டி கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான் பெரும்பாலும் இருக்கும்; படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் அசல் கட்டவேண்டியதில்லை. ஆனால் கடன் கடன்தான். தேவையைவிட ஒரு லட்சம் கூடுதலாக வாங்கிவைத்துக்கொள்வோம் என்று நினைக்கவேண்டாம்.

செலவைக் குறைப்பதைப் பொறுத்தவரை, உங்கள் சீனியர்களே சிறந்த ஆலோசகர்கள். பாடப்புத்தகங்களும் எலும்புத் தொகுப்பும் ஒரு பேட்சிலிருந்து அடுத்த பேட்சுக்குப் பாதி விலைக்கும் குறைவாகக் கைமாறுவது பல கல்லூரிகளில் உள்ள வழக்கம்.

கேள்வி: இரண்டு கார்டு, ஒரு கடன் செயலி. எதை முதலில் அடைப்பது? ஒரு கார்டிலிருந்து பணம் எடுத்து இன்னொன்றைக் கட்டலாமா?

பதில்: கூடாது. கார்டில் ரொக்கம் எடுத்தால் சுமார் 2.5 சதவீதக் கட்டணம் உடனே விழும். வட்டியும் அன்றைக்கே தொடங்கும். மூன்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மிச்சமுள்ள பணம் முழுவதையும் வட்டி அதிகமானதன்மீது செலுத்துங்கள். செயலிக் கடனின் உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்பது அவர்கள் தரவேண்டிய முக்கிய விவர அறிக்கையில் இருக்கும். அப்படியோர் அறிக்கையையே தராத செயலி என்றால், அது எந்த வங்கியின் அல்லது வங்கியல்லாத நிதி நிறுவனத்தின் சார்பில் கடன் தருகிறது என்பதை முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: வசூல் முகவர்கள் இரவு 9 மணிக்கு அழைக்கிறார்கள். விடுதி வார்டனையும் என் தோழியையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். டியூட்டியில் கவனம் செலுத்த முடியவில்லை.

பதில்: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்றும், மிரட்டுவதோ, கடன் வாங்கியவரின் குடும்பத்தினர், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதோ கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாக அறிவுறுத்தியிருக்கிறது. அழைப்பு வந்த எண், நேரம், பேசியது ஆகியவற்றைக் குறித்துவைத்து வங்கியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் புகார் அளியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம். வழிகாட்டலுக்கு 14448 என்ற எண் உள்ளது. பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். புகார் கொடுத்ததால் கடன் தீராது. ஆனால் பேச்சு முகவரைத் தாண்டி வங்கிக்குப் போய்ச் சேரும்.

“இவ்வளவு கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்கிறோம்” என்று சொன்னால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுவதும் அடைத்து முடித்த கணக்காக இல்லாமல், சமரசத்தில் முடிந்த கணக்கு என்றே அது கடன் அறிக்கையில் பல ஆண்டுகள் நிற்கும். நாளை கிளினிக் தொடங்கக் கடன் கேட்கும்போது அதற்கு விளக்கம் சொல்லவேண்டிவரும்.

கேள்வி: தங்கை ஜார்ஜியாவில் எம்பிபிஎஸ் படிக்கிறாள். அங்கே செலவுக்கு என் இந்தியக் கார்டைக் கொடுத்தனுப்பலாமா?

பதில்: உங்கள் பெயரிலுள்ள கார்டை அவர் பயன்படுத்துவதே விதிமீறல். அதோடு அயல்நாட்டுச் செலவுக்குப் பல கார்டுகளில் 3.5 சதவீதம்வரை கூடுதல் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். மாதச் செலவுக்கு அவர் பெயரில் ஃபாரெக்ஸ் கார்டோ (அயல்நாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டு), அங்குள்ள வங்கிக் கணக்கோ போதும். கடையில் கட்டும்போது “ரூபாயில் கட்டுகிறீர்களா?” என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிட்டு, அந்நாட்டு நாணயமான லாரியில் கட்டச் சொல்லுங்கள், ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் இழப்பு நேரும்.

கேள்வி: பயிற்சி மருத்துவக் காலம் முடிகிறது. நீட் முதுநிலைத் தேர்வுக்கு ஓராண்டு வீட்டிலிருந்து படிக்கப்போகிறேன். கார்டில் பாக்கி இல்லை. கார்டை வைத்துக்கொள்ளலாமா, மூடிவிடலாமா?

பதில்: வருமானம் இல்லாத ஓராண்டு உங்கள் முன்னால் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்றால் செலவு வரம்பைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். பழைய கணக்கு ஒழுங்காக இருப்பது சிபில் மதிப்பெண்ணுக்கு நல்லது. கையில் இருந்தால் தேய்த்துவிடுவேன் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால் மூடிவிடுங்கள். பாக்கி இல்லாத கார்டை, கேட்ட 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூடவேண்டும்; தவறினால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 500 ரூபாய் தரவேண்டும். பயிற்சிச் செயலிக்கான சந்தாவைக் கடைசி உதவித்தொகை வரும் மாதத்திலேயே முழுதாகக் கட்டிவிடுங்கள். தவணையில் எடுத்தால், வருமானம் நின்ற பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.