சிறு கண்ணாடிகள் பதித்த பழைய ஜன்னலைக் கோடு விழாமல் துடைப்பது எப்படி?

8 ஜன்னல், ஒவ்வொன்றிலும் 12 கண்ணாடி, எப்படித் துடைத்தாலும் காய்ந்ததும் கோடு தெரிகிறது என்கிறீர்கள். மரச்சட்டமும், கண்ணாடியை அதில் ஒட்டிப் பிடிக்கும் மக்கும் (புட்டி) உள்ள பழைய வீடு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கோட்டுக்குக் காரணம் ஓரம். ஒரே பெரிய கண்ணாடிக்கு ஓரம் நான்கு, 12 துண்டுக்கு 48. ஓரத்தில் தேங்கிய தண்ணீர், நீங்கள் அடுத்த துண்டுக்குப் போனபின் வழிகிறது. ஆகவே பக்கெட்டால் ஊற்றுவதும் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம். முதலில் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மூலைத் தூசியைத் தட்டுங்கள். தூசி நனைந்தால் சேறு. 4 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன், அதற்குமேல் போனால் சோப்பே படலமாகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆர்ஓ தண்ணீர்.

முக்கியமானது, தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் வைப்பரின் அளவு. கடையில் கிடைக்கும் அகலம் உங்கள் கண்ணாடிக்குப் பொருந்தாது. ரப்பரைப் பிடித்திருக்கும் அலுமினியப் பட்டையை ஹாக்ஸாவால் அறுத்து, முனையை அரத்தால் தேயுங்கள். கண்ணாடி 20 செ.மீ. என்றால் பட்டை 19.4, ரப்பர் 19.8, ரப்பர் இருபுறமும் 2 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். ஆசாரி கையால் செய்த ஜன்னலில் துண்டுக்குத் துண்டு அளவு மாறும், எல்லாவற்றையும் அளந்து சிறியதற்கு வெட்டுங்கள். பிழிந்த துணியால் நனைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடையுங்கள். கடைசியில் கீழ் ஓரத்தை மட்டும் பலமுறை துவைத்த வேட்டித் துணியால் ஒற்றுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் ரப்பரில் வெட்டு இருக்கிறது, திருப்பிப் போடுங்கள். வெயில் நேரடியாக விழும் நேரத்தில் செய்யாதீர்கள்.

செய்தித்தாள் போதுமே என்று யாராவது எழுதுவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் போதும். வெள்ளை அடித்த சட்டத்தில் மை ஏறிவிடும்.

பழைய உப்புக்கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, துணியில் தொட்டு 5 நிமிடம். கீழே சொட்டவிடாதீர்கள், மார்பிளையும் சுண்ணாம்புப் பூச்சையும் அரிக்கும். மக்கு வெடித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் மரம் தண்ணீரைக் குடிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆள் வைத்தால் "எட்டு ஜன்னல்தானே" என்று கூலி பேசாதீர்கள். உள்ளும் புறமுமாக 192 முகம், 768 ஓரம். பெரிய கண்ணாடிக்குப் பேசும் கூலியையே இதற்கும் பேசிவிட்டு, மூலையில் அழுக்கு இருக்கிறது என்று அந்த மனிதரைத் திட்டுவது நியாயமே இல்லை.