கொழும்பு மழைக்காலத்துக்குச் சீன இலையுதிர்கால மருத்துவம் பொருந்துமா?

கேள்வி: எனக்கு 54 வயது. வெள்ளவத்தையில் வசிக்கிறேன்; கோட்டையில் ஏசி போட்ட அலுவலகத்தில் வேலை. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் பிறந்தால் தும்மல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு என்று அவதிப்படுகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் தங்கை இலையுதிர்காலம் தொடங்கியதும் அக்குபங்சர் (உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் சீனச் சிகிச்சை) செய்துகொள்வாள். என்னையும் அதைச் செய்யச் சொல்லி, பேரிக்காயும் தேனும் சாப்பிடச் சொல்லி, சீன மூலிகை மாத்திரைகளும் அனுப்புவதாகச் சொல்கிறாள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்து வருகிறேன். இவற்றைப் பின்பற்றலாமா?

பதில்: உங்கள் தங்கை சொல்வது அவர் வாழும் ஊருக்கு ஏற்ற ஆலோசனை, சீன மருத்துவத்தின் கணக்குப்படி பார்த்தாலும் அது கொழும்புக்கு அப்படியே பொருந்தாது. அந்த மருத்துவம் இலையுதிர்காலத்தை, அது கருதும் ஐந்து மூலகங்களில் ஒன்றான உலோகத்தின் பருவமாகவும், நுரையீரலையும் பெருங்குடலையும் அதற்குரிய உறுப்புகளாகவும், வறட்சியை அப்பருவத்தின் கேடாகவும் கொள்கிறது. வட சீனாவில் கோடை மழை ஓய்ந்ததும் காற்று உலர்ந்துவிடுவதால், தொண்டையையும் நுரையீரலையும் ஈரப்படுத்தும் என்று கருதப்படும் பேரிக்காய், தேன், வெண்காளான் போன்றவற்றை அங்கே பரிந்துரைக்கிறார்கள்.

ஐப்பசி அடைமழையில் நனையும் நமக்கு நிலைமை நேர்மாறானது. ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவ மழைக்குரிய மாதங்கள். கொழும்பில் இவ்விரு மாதங்களில் ஒவ்வொன்றிலும் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, துவைத்த துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. இத்தகைய காலத்தில் சீன மருத்துவர் வறட்சியைத் தேடமாட்டார். ஈரமே கேடு என்று கூறி, ஐஸ் போட்ட பானங்களையும் இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் குறைத்து, இஞ்சியையும் காய்ந்த தோடம்பழத் தோலையும் சேர்க்கச் சொல்வார். தடிமனுக்கு நம் வீடுகளில் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கும் வழக்கம் அந்த ஆலோசனைக்கு மிக நெருக்கமானது. பகல் முழுவதும் ஏசியின் உலர்ந்த குளிரில் இருப்பதால் உங்களுக்குத் தொண்டை வறளக்கூடும் என்பது உண்மைதான். அதற்கு வெந்நீர்ப் போத்தலொன்றை மேசையில் வைத்துக்கொள்வதே போதும்.

நோய்க் காரணமும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஒன்ராறியோவில் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை பலரைத் தும்ம வைப்பது ராக்வீட் என்ற களைச் செடியின் மகரந்தம். உறைபனி விழுந்ததும் அது அடங்கிவிடும். கொழும்பு வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை மெத்தையிலும் தலையணையிலும் பெருகும் தூசிப் பூச்சிகளும், அலுமாரிக்குப் பின்சுவரில் படரும் பூஞ்சணமும். தலையணை உறைகளை வாரந்தோறும் கொதிநீரில் துவைப்பதும் சுவரைத் துடைத்து உலரவிடுவதும் சலிப்பூட்டும் வேலைகள்தாம். ஆயினும் ஊசிக்குச் செலவழிப்பதற்கு முன் அவற்றைச் செய்துவிடுங்கள்.

ஒவ்வாமை மூக்கொழுக்குக்கு அக்குபங்சர் ஓரளவு உதவுகிறது. ஜெர்மனியில் 422 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்களில் 12 முறை ஊசி பெற்றவர்களுக்குப் ஒப்பீட்டுக்காக உரிய இடங்களல்லாத இடங்களில் போலி ஊசி பெற்றவர்களைவிடத் தொல்லை குறைந்தது. ஆனால் வேறுபாடு சிறியது, 16ஆவது வாரத்தில் அது மறைந்தும் விட்டது. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியும், மருந்தை விரும்பாதவர்களுக்கு இதை ஒரு தெரிவாக அளிக்கலாம் என்ற அளவில் நின்றுகொண்டது. பருவம் முழுவதையும் நோயின்றிக் கடத்தும் கவசமாக இதை நினைப்பது, என் கருத்தில், மிகை. செய்துகொள்வதானால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்முன்னே உறை பிரிக்கிறார்களா என்று பாருங்கள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மூக்கோரம், கை, முழங்காலுக்குக் கீழ் ஆகிய இடங்களில் ஏற்றும் ஊசிகள் உங்கள் தொல்லைக்குப் போதுமானவை. மார்பில் ஆழமாக ஏற்றும் ஊசி, அரிதாகவேனும், நுரையீரலைத் துளைத்த நிகழ்வுகள் உண்டு.

காய்ச்சல் இருக்கும் நாளில் ஊசிக்குப் போகவே வேண்டாம். இந்த மழையில் டெங்கு பரவும். இரத்தம் உறைய உதவும் இரத்தத்தட்டுகள் அந்த நோயில் குறையும்; அந்த நிலையில் ஊசி ஏற்றுவதும், அஸ்பிரின் அல்லது இபுபுரோஃபென் விழுங்குவதும் ஆபத்து. பரசிற்றமோல் எடுத்துக்கொண்டு வைத்தியரைப் பார்த்து, மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

தங்கை அனுப்பும் மாத்திரைகளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூக்கடைப்புக்கான சீனக் கலவைகளில் இடம்பெறக்கூடிய மா ஹுவாங் என்ற மூலிகையில் எபெட்ரின் உண்டு. அது இரத்த அழுத்தத்தை ஏற்றும். அவற்றில் பரவலாகச் சேர்க்கப்படும் அதிமதுரமும், தொடர்ந்து உட்கொண்டால், பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்தும். சீன மூலிகைகள் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் உண்டு: அரிஸ்டோலோகியா வகை மூலிகை கலந்த, உடல் மெலிவதற்கான மாத்திரைகளால் 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் பல பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன.

ஒன்றை மட்டும் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீங்கள் எடுப்பது எனலப்ரில் அல்லது கப்டோப்ரில் வகை மருந்தா? அந்த வகை மருந்து சிலருக்கு ஆண்டு முழுவதும் தொண்டைக் கரகரப்பையும் வறட்டு இருமலையும் தரும். மழை முடிந்த பிறகும் கரகரப்பு நீடித்தால், மருந்தை நீங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்து எழுதித் தருமாறு அவரிடம் கேட்கலாம்.